பெருவழியும் நம் வழியும்

(கல்விச் சங்க வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளிவிழா மேடையில் பேச வருவோர் சங்கத்தின் சாதனைகளை எடுத்துரைப்பது மரபு. அப்பணியைச் செயலாளர் அவர்கள் தமது அறிக்கையில் செவ்வனே செய்து முடித்துவிட்டார். ஆதலின், நமக்கு அளிக்கப்பட்ட நேரத்தில் வேறொரு பொருளைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறோம். இந்த மண்டபத்திற்கு நாம் அனைவரும் எந்த வழியாக வந்தோம் என்று எண்ணிப் பாருங்கள். மாதவரத்திலிருந்து வந்தவரும், பொன்னேரியிலிருந்து வந்தவரும், ஆரம்பாக்கத்திலிருந்து வந்தவரும் ஜி.என்.டி. சாலையைத் தொட்டுத்தான் வந்திருப்பீர்கள். நாள்தோறும் நாம் மிதிக்கும் அச்சாலை எங்கிருந்து எங்கே செல்கிறது, யாரால் வந்தது, அதில் நடக்கும் உரிமை நமக்கு எப்போது கிட்டிற்று, கிட்டிய உரிமையைக் கொண்டு நாம் செய்ய வேண்டுவது யாது என்பவையே இன்றைய பொருள்.

சாலையின் போக்கு

‘கிராண்ட் நார்தர்ன் டிரங்க் ரோடு’ என்று ஆங்கிலேயர் இட்ட பெயரின் முதலெழுத்துகளே ஜி.என்.டி. என்பவை. வடக்குப் பெருஞ்சாலை என்று நாம் சொல்லலாம். வடசென்னையில் மூலக்கடை, மாதவரம் வழியே வந்து, புழலையும் செங்குன்றத்தையும் அடைகிறது. சென்னை மாநகருக்குக் குடிநீர் தரும் புழல் ஏரியும் சோழவரம் ஏரியும் இச்சாலையை ஒட்டியே உள்ளன. செங்குன்றத்தில் அரிசி ஆலைகள் நிறைந்திருக்கின்றன. சோழவரத்தில் இரண்டாம் உலகப் போரின்போது விமான ஓடுதளம் ஒன்று அமைக்கப்பட்டது. போர் ஓய்ந்த பின் பல ஆண்டுகள் அங்கே மோட்டார்ப் பந்தயங்கள் நடைபெற்றன. நல்லூர் சுங்கச்சாவடியைத் தாண்டினால் காரனோடையில் கொசஸ்தலையாற்றுப் பாலம். அடுத்து ஜனப்பன்சத்திரம். அங்கிருந்து மேற்கே பெரியபாளையத்துக்கும் ஊத்துக்கோட்டைக்கும் கிளைச்சாலை பிரிகிறது. தச்சூர் கூட்டுச்சாலையில் கிழக்கே திரும்பினால் பொன்னேரி. பின்னர் ஆரணியாறு. கவரைப்பேட்டையில் மேற்கே சத்தியவேட்டுக்கு ஒரு சாலை. அதன்பின் நம் கும்மிடிப்பூண்டி, எளாவூர் சோதனைச்சாவடி, ஆரம்பாக்கம், அதற்கப்பால் ஆந்திர மாநிலத்துத் தடா.

அங்கேயும் அது நிற்பதில்லை. சூளூர்ப்பேட்டை, நாயுடுப்பேட்டை, கூடூர், நெல்லூர், ஓங்கோல், விஜயவாடா, இராஜமுந்திரி, விசாகப்பட்டினம் என்று கடலோரமாகவே சென்று, ஒடிசாவில் புவனேசுவரம், கட்டாக் ஆகிய நகரங்களைக் கடந்து, கொல்கத்தாவில் முடிகிறது. 1956ஆம் ஆண்டுத் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் இதற்கு 5 என்று எண் இட்டார்கள். 2010இல் நாடு முழுவதும் எண்களை மாற்றியபோது 16 ஆயிற்று. எண் மாறினாலும் மக்கள் வாயில் இன்றும் ஜி.என்.டி. சாலைதான்.

இவ்வூர்ப் பெயர்களைச் சற்றே கவனியுங்கள். சத்திரம், பேட்டை, சாவடி என்பன எல்லாம் வழிப்போக்கரை எண்ணி உண்டான பெயர்கள். வழி பழையது, அதற்கு எண்ணும் பலகையும் பிற்காலத்தில் வந்தவை.

சாலையும் உழைத்த கைகளும்

பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613இல் கோட்டை கட்டினர். நெல்லூர்க் கடற்கரையில் ஆறுமுகம் என்ற துறையில் 1626இல் ஆங்கிலேயர் பண்டகசாலை வைத்தனர். அங்கிருந்து வந்தே 1639இல் சென்னையில் இடம் பெற்றனர். ஆகவே, சென்னைப் பட்டணம் தோன்றுமுன்னரே நமது வடபகுதிக் கடற்கரையில் வாணிகம் நடந்திருக்கிறது. சரக்கு பெரும்பாலும் நீர்வழியே சென்றது. 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கிய கால்வாய், பின்னர் பழவேற்காட்டுக்கும் அதற்கு வடக்கேயும் நீண்டது. அதுவே பக்கிங்காம் கால்வாய். விறகும் உப்பும் நெல்லும் படகில் ஏறிச் சென்னைக்குச் சென்ற காலம் அது. 1840களில்தான் சென்னை அரசு பெருஞ்சாலைகளுக்கெனத் தனிப் பிரிவு ஒன்றை அமைத்து, கப்பியிட்ட சாலைகளைப் போடலாயிற்று.

அதற்கு முன் இவ்வழிகள் எவ்வாறு இருந்தன? சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி என்பவர் 1830ஆம் ஆண்டு மே மாதம் பெரும் பரிவாரத்துடன் காசிக்குப் புறப்பட்டு, மறு ஆண்டு செப்டம்பரில் திரும்பினார். திரும்பும்போது கடலோர மாவட்டங்கள் வழியே வந்தார். அவர் தெலுங்கில் எழுதிய பயண நூல் அக்காலத்து வழிகளையும் சத்திரங்களையும் விவரிக்கிறது. வசதியுள்ளோர் பல்லக்கில் சென்றனர், தங்கச் சத்திரம் இருந்தது, உணவு இருந்தது. நம் முன்னோருக்கோ அச்சத்திரங்களின் அடுக்களை வாயில் அடைத்தே இருந்தது. ஆனால் அதிகாரிகள் முகாம் செல்லும்போது மூட்டை சுமக்கவும், இரவில் பந்தம் பிடிக்கவும், அடுத்த ஊர் வரை வழிகாட்டவும் கிராமத்து வெட்டி வேலைக்காரரைத்தான் அழைத்தார்கள். வழிகாட்டியவன் நம்மவன், அவ்வழியில் உரிமையோடு நடக்க முடியாதவனும் நம்மவனே.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. பஞ்ச நிவாரணம் என்ற பெயரில் சாலைக்குக் கல்லுடைக்கும் வேலையும் கால்வாய் வெட்டும் வேலையும் தரப்பட்டன. சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்த கால்வாய்ப் பகுதி அப்போது வெட்டப்பட்டதே. 1877இல் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி, நாள் முழுதும் உழைக்கும் ஓர் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதுமென்று விதித்தார். மாகாண சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ், இவ்வளவு உணவில் உழைப்பாளி உயிர் வாழ இயலாது என்று எதிர்த்து எழுதினார். நிலமும் சேமிப்பும் இல்லாதவர்களே முதலில் அவ்வேலைக்குச் சென்றனர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இம்மாகாணத்துச் சாலைகளின் அடியில் கிடக்கும் கருங்கல்லில் நம் பாட்டன்மாரின் பசி கலந்திருக்கிறது என்று சொன்னால் அது மிகையன்று.

1924ஆம் ஆண்டு

சாலை போட உழைத்தவர்கள் சாலையில் நடக்கும் உரிமையைப் பெற எவ்வளவு காலம் ஆயிற்று? 1924 மார்ச் 30ஆம் நாள் திருவிதாங்கூரில் வைக்கம் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. அது கோயிலுக்குள் நுழைவதற்கான போராட்டம் என்று பலர் எண்ணுகின்றனர். அன்று, கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடப்பதற்கான போராட்டமே அது. அதே ஆண்டில் நம் சென்னைச் சட்டமன்றத்தில் நிகழ்ந்தது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளம் கிராமத்தில் பிறந்தவர் தாத்தா இரட்டைமலை சீனிவாசன். 1893இல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே இதழ் தொடங்கிய துணிவாளர். அவர் சட்டமன்ற உறுப்பினராக இருந்து, 1924 ஆகஸ்டு 22ஆம் நாள் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்தப் பட்டணத்திலும் எந்தக் கிராமத்திலும் உள்ள பொதுச் சாலையிலோ தெருவிலோ பாதையிலோ தாழ்த்தப்பட்ட மக்கள் நடப்பதற்குத் தடையில்லை. பொது அலுவலகம், கிணறு, குளம், மக்கள் கூடும் இடம் ஆகியவற்றுக்கு மற்றவர்கள் செல்வதுபோலவே அவர்களும் செல்லலாம் என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறிற்று. 1924 செப்டம்பர் 25ஆம் நாள் அது 2660ஆம் எண்ணுள்ள அரசாணையாக வெளிவந்தது. இளைஞர்களே, இந்த நாளை நீங்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

ஆணை பிறந்த மறுநாளே நாடெங்கும் வழி திறந்துவிடவில்லை. பெருந்தலைவர் எம்.சி. ராஜா முயன்று 1938இல் சமூக இயலாமை நீக்கச் சட்டம் வந்தது. அண்ணல் அம்பேத்கர் தலைமையில் உருவான அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், படித்துறை, சாலை, பொது இடம் ஆகியவற்றில் சாதியின் பேரால் எவரையும் தடுக்கலாகாது என்று வகுத்தது. 17ஆம் பிரிவு தீண்டாமையையே ஒழித்தது. 1955இல் அதற்குத் தண்டனைச் சட்டம் வந்தது. 1976இல் அது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமாக வலுப்பெற்றது. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. அரசியலமைப்பில் ‘சாலை’ என்ற சொல் ஏன் இடம்பெற்றது என்று அறிய வேண்டுமானால், அண்ணலின் இளமை நிகழ்ச்சி ஒன்றை நினைக்க வேண்டும். 1901ஆம் ஆண்டு சிறுவர் அம்பேத்கரும் உடன்வந்த சிறுவர்களும் தந்தையாரைக் காண மசூர் ரயில் நிலையத்தில் இறங்கினர். சாதியை அறிந்ததும் வண்டிக்காரர் எவரும் ஏற்றிச் செல்ல முன்வரவில்லை. இரட்டிப்புக் கூலி தந்து, வண்டியைத் தாமே ஓட்டிச் சென்றனர். இரவில் சுங்கம் வசூலிப்பவரின் குடிசையருகே தங்கினர். கையில் உணவு இருந்தும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் பசியோடு கிடந்தனர். நல்லூர் சுங்கச்சாவடியைக் கடக்கும்போதெல்லாம் அந்தச் சுங்கக்காரர் குடிசை நமக்கு நினைவு வரும்.

சாலையுரிமை நம் நாட்டுக்கு மட்டும் உரிய செய்தியன்று. அமெரிக்காவில் 1965 மார்ச்சு மாதம் மார்ட்டின் லூதர் கிங் தலைமையில் கறுப்பின மக்கள் செல்மாவிலிருந்து மாண்ட்காமரிக்கு 80ஆம் எண் நெடுஞ்சாலை வழியே நடந்தனர். அந்நடை தொடங்கிய ஐந்து மாதத்திற்குள் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறிற்று. சாலையில் நடப்பது வெறும் பயணமாக இல்லாமல் உரிமைக் குரலாகவும் ஆகக்கூடும் என்பதற்கு அது சான்று.

தேநீர்க் கடை

சட்டங்களைச் சொன்னோம். இனி நம் கண்ணால் கண்டதையும் சொல்ல வேண்டும். நம் உயர்நிலைப் பள்ளிக் காலம் 1980களின் முற்பகுதி. ஊருக்குள் இருந்த தேநீர்க் கடையில் நம்மவர்க்கெனத் தனிக் குவளைகள் கூரையில் செருகப்பட்டிருக்கும். நாமே எடுத்து, நாமே கழுவி, வெளியே குந்திக் குடிக்க வேண்டும். பெருஞ்சாலைக்குச் சென்றால் நிலைமை வேறு. அங்கே புளியமர நிழலில் லாரிகள் நிற்கும். பஞ்சாபிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வந்த ஓட்டுநர்கள் அமர்ந்திருக்கும் கடையில் யாரும் யாரையும் ஊரும் பேரும் கேட்பதில்லை. எல்லாக் கண்ணாடி டம்ளர்களும் ஒரே தொட்டியில் முங்கி எழும்.

எம் தந்தையார் கூலி உழவர். ஒருநாள் எமக்குப் புத்தகம் வாங்கச் சென்று திரும்பும்போது அக்கடைக்கு அழைத்துச் சென்றார். பலகையின் ஓரத்தில் அமர்ந்தார். எம்மையும் அமரச் செய்தார். தேநீர் வந்தது. பாதி குடித்திருப்பார், பேருந்து ஒன்று வந்து நின்றது. நம் ஊர் நிலக்கிழார் ஒருவர் இறங்கினார். அவர் நம் பக்கம் திரும்பிப் பார்த்தாரோ இல்லையோ, தந்தையார் எழுந்துவிட்டார். மீதித் தேநீரைக் கீழே வைத்துவிட்டுத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மரத்தடியில் போய் நின்றார். கடைக்காரர் எழச் சொல்லவில்லை. இறங்கியவரும் ஒன்றும் சொல்லவில்லை. வீடு வரும்வரை தந்தையார் பேசவுமில்லை.

அரசாணை பிறந்து அப்போது அறுபது ஆண்டுகள் ஆகியிருக்கலாம். சாலை திறந்திருந்தது, பலகை திறந்திருந்தது. ஆனால் ஊர் அவர் முதுகெலும்பிலேயே தங்கியிருந்தது. நாம் ஆசிரியப் பணியைத் தேர்ந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் அந்த அரை டம்ளர் தேநீரும் ஒன்று. எழுந்து நிற்காத பிள்ளைகளை உருவாக்க வேண்டும் என்று எண்ணினோம்.

அகலச் சாலையும் ஆவணமும்

நம் சங்கம் தோன்றிய காலத்தையொட்டித்தான், தங்க நாற்கரத் திட்டத்தின் கீழ் இச்சாலை அகலமாகத் தொடங்கிற்று. புளியமரங்கள் வீழ்ந்தன. நடுவே தடுப்பு எழுந்தது. அதற்கு முன்பே கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை வந்து, இரும்பு உருக்காலைகளும் பொறியியல் ஆலைகளும் பெருகியிருந்தன. அகலச் சாலையால் நாடு பெற்ற பயன் பெரிது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அகலப்படுத்திய நாளில் நம்மவர் அடைந்த பாடத்தை மறைக்கவும் கூடாது.

நில எடுப்பின்போது அலுவலர் கேட்டது ஒரே கேள்வி: “பட்டா இருக்கிறதா?” பட்டா உள்ளவர் இழப்பீடு பெற்றார். மூன்று தலைமுறையாகச் சாலையோரப் புறம்போக்கில் குடியிருந்த நம் உறவினர் சிலர், “எங்கள் தாத்தா நட்ட வேப்பமரம் இருக்கிறது” என்றனர். மரம் ஆவணமாகாது. அவர்கள் ஓலையையும் கழியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போயினர். 2000களின் பிற்பகுதியில் தேர்வாய் கண்டிகையில் தொழிற்பூங்காவுக்கு ஆயிரம் ஏக்கருக்கு மேல் எடுக்கப்பட்டபோதும் இதுவே நிகழ்ந்தது. மேய்ச்சலுக்கும் விறகுக்கும் அந்நிலத்தை நம்பியிருந்த மக்களுள் பெரும்பாலோர் நம்மவர். பல ஆண்டுகள் போராடினர். அனுபவம் அவர்களிடம் இருந்தது, காகிதம் இல்லை.

இத்தனைக்கும் நம் மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர் 1891இல் நம் மக்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கையின் விளைவாகத்தான் 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. அன்று நம் பகுதியும் அம்மாவட்டத்தைச் சேர்ந்தது. திருவள்ளூர் தனி மாவட்டம் ஆனது 1997இல்தான். அந்நிலம் எங்கெங்கே இருந்தது, இன்று யார் கையில் உள்ளது என்று நம் கிராமங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இதனால் இளைஞர்களுக்கு நாம் சொல்ல விரும்புவன சில.

முதலாவது, உங்கள் கிராமத்தின் ‘அ’ பதிவேட்டையும் புலப்படத்தையும் கிராம வரைபடத்தையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். சேரியிலிருந்து பெருஞ்சாலைக்குச் செல்லும் பாதையும், சுடுகாட்டுக்குச் செல்லும் பாதையும் பொது வழியாகப் பதிவாகியுள்ளனவா என்று பாருங்கள். பதிவாகியிருந்தால் எவரும் வேலியிட முடியாது. பதிவாகாவிடில் கிராம சபையில் தீர்மானம் கேளுங்கள். 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது.

இரண்டாவது, நெடுஞ்சாலைக்கு நிலம் எடுக்கும் அறிவிக்கை வந்தால் 21 நாள்களுக்குள் ஆட்சேபணை தெரிவிக்கலாம். 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் இழப்பீட்டு முறை 2015 ஜனவரி 1 முதல் தேசிய நெடுஞ்சாலைகளுக்கும் பொருந்தும். அச்சட்டம் நிலமில்லாத உழவுத் தொழிலாளரையும் பாதிக்கப்பட்ட குடும்பத்தில் சேர்க்கிறது. தச்சூரிலிருந்து சித்தூருக்குப் புதிய விரைவுச்சாலை அமைகின்ற இந்நாளில் இவை ஏட்டறிவு அல்ல. வீட்டைக் காக்கும் அறிவு.

மூன்றாவது, பத்தாம் வகுப்போடு நின்று ஒப்பந்தக் கூலியாக ஆலை வாயிலில் நிற்காதீர்கள். 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டப்படி, 30 பேரும் அதற்கு மேலும் பணியாற்றும் நிறுவனங்கள் பழகுநரைச் சேர்த்துப் பயிற்சியளிக்கக் கடமைப்பட்டவை. அதில் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு ஒதுக்கீடும் உண்டு. ஐ.டி.ஐ. அல்லது பாலிடெக்னிக் படிப்போடு சென்று அவ்விடத்தைக் கேளுங்கள். கேட்பவர்க்கே கிடைக்கும்.

நான்காவது, இதே சாலையின் மறுகோடியிலிருந்து வருபவர்களை மறவாதீர்கள். ஒடிசாவிலிருந்து குடும்பத்தோடு வந்து நம் மாவட்டத்துச் செங்கற்சூளைகளில் உழைப்போரின் குழந்தைகளுக்காக ஒரிய மொழியிலேயே பணியிடப் பள்ளிகள் நடத்தப்பட்டிருக்கின்றன. செங்குன்றம் பகுதி அரிசி ஆலைகளிலிருந்து கொத்தடிமைகளாக இருந்த இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்டிருக்கின்றன. நேற்று நாம் இருந்த இடத்தில் இன்று அவர்கள் இருக்கின்றனர். அவர்களுக்குத் தனிக் குவளை வைக்கும் கை நம் கையாக இருந்துவிடக் கூடாது.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைக் கூறி முடிக்கிறோம். நம் பள்ளி சாலையின் ஒருபுறம், காலனி மறுபுறம். பிள்ளைகள் காலையும் மாலையும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தனர். இருமுறை விண்ணப்பம் எழுதினோம், பதிலில்லை. பின்பு எட்டாம் வகுப்பு மாணவரிடம் அதைக் கணக்குப் பாடமாகக் கொடுத்தோம். ஒரு வாரம் ஆசிரியர் துணையோடு சாலையோரம் நின்று, எத்தனை மாணவர் கடக்கின்றனர், அந்நேரத்தில் எத்தனை வாகனங்கள் செல்கின்றன, கடக்க எவ்வளவு நேரம் காத்திருக்கின்றனர் என்று குறித்து, அட்டவணையும் வரைபடமும் ஆக்கினர். மூன்றாம் விண்ணப்பம் அந்த அட்டவணையோடு சென்றது. எச்சரிக்கை விளக்கும் வேகத் தடுப்பும் வந்தன. நடைமேம்பாலம் இன்னும் வரவில்லை. நான்காம் விண்ணப்பம் ஆயத்தமாகிறது.

அலுவலகத்தில் அந்த மனுவைக் கொடுக்கச் சென்றபோது உடன் வந்த சிறுமி ஒருத்திக்கு நாற்காலி காட்டினார்கள். அவள் அமர்ந்தாள். நாற்காலியின் ஓரத்தில் அன்று; நன்றாகச் சாய்ந்து அமர்ந்தாள். பேச்சு முடியும்வரை எழவில்லை. எம் தந்தையார் அதைக் காண உயிரோடு இல்லை.

1924இல் திறக்கப்பட்ட வழியில் நாம் நெடுந்தூரம் வந்திருக்கிறோம். பெருஞ்சாலை போட அரசு இருக்கிறது. அதுவரை நம் வீட்டு வாயிலிலிருந்து செல்லும் வழியை நாமே போட்டாக வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் செய்துவரும் பணி அதுவே. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு அப்பணியை இளைஞர்களாகிய உங்களிடம் ஒப்படைக்கிறோம்.

வாழ்க அண்ணல் அம்பேத்கர் புகழ்! வளர்க நம் கல்விச் சங்கம்!